‘என் காலண்டர்ல ஒண்ணுமே காட்டலையே சார்!’ - ஆபீஸ் காலண்டர் குழப்பங்களைச் சரிசெய்வது எப்படி?

“10 மணி மீட்டிங்னு காலண்டர்ல போட்டிருந்தேனே, பார்க்கலையா?”

“என் காலண்டர்ல ஒண்ணுமே காட்டலையே சார்!”

அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன உரையாடல் இது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒருவர் போட்டிருப்பார். இன்னொருவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐடி பூங்காக்களில் வேலை செய்பவர்களுக்கு காலண்டர்தான் அன்றைய நாளையே ஓட்டுகிறது. மாட்டுத்தாவணியில் டைடல் பார்க்குக்கு 2025-இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. ஆனால், இது ஐடி ஆட்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் வாருங்கள். மருத்துவமனைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், வக்கீல் ஆபீஸ்கள் எனத் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. டாக்டரின் அப்பாயின்ட்மென்ட், 20-ம் தேதி ஜிஎஸ்டி கணக்கு, அடுத்த வாய்தா தேதி எல்லாம் இப்போது அவுட்லுக்கிலோ கூகுள் காலண்டரிலோதான் ஏறுகின்றன. அங்கே ஒரு தேதி தெரியாமல் போனால், நோயாளி வந்து காத்திருப்பார். வாடிக்கையாளர் அபராதம் கட்டுவார்.

காலண்டர் வேலை செய்யவில்லை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறோம், போனை ரீஸ்டார்ட் செய்கிறோம். பல நேரம் இதில் பலன் இருக்காது. ஏனென்றால் கோளாறு போனில் இருப்பதில்லை. நான்கே கேள்விகளைக் கேட்டால் போதும், பிரச்சினை எங்கே என்று பிடித்துவிடலாம்: இது யாருடைய காலண்டர்? எனக்கு என்ன அனுமதி இருக்கிறது? நான் பார்ப்பது மூலமா, நகலா? எந்த ஊர் நேரம்?

ஒரே பெயர், மூன்று விஷயங்கள்

‘ஷேர்டு காலண்டர்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

முதலாவது, சுவர் காலண்டர் மாதிரி. சிவகாசியில் அச்சாகி ஆபீஸ் சுவரில் தொங்குமே, அதில் ஒருவர் குறித்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஒருவர் தன் காலண்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவது இப்படித்தான். மூலம் ஒன்றுதான், பார்ப்பவர்கள் பலர்.

இரண்டாவது, கல்யாணப் பத்திரிகை மாதிரி. மீட்டிங் இன்வைட் அனுப்பினால், பெறும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நகல் போய்ச் சேர்கிறது. உங்கள் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை அடித்துத் திருத்தினால் கல்யாணம் தள்ளிப் போகுமா? போகாது. பெண் வீடோ மாப்பிள்ளை வீடோ சொன்னால்தான் உண்டு. மீட்டிங்கிலும் அதே கதைதான். கூட்டியவர் திருத்தி அனுப்பினால்தான் எல்லோருக்கும் மாறும்.

மூன்றாவது, சந்தா. ஒரு லிங்க்கைக் கொடுத்து இன்னொரு காலண்டரை நம் பக்கம் கொண்டுவருவது. விடுமுறைப் பட்டியல், கிரிக்கெட் அட்டவணை போன்றவை இப்படி வருபவை. வேறு வேறு நிறுவனங்களின் காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ‘ஐ-காலண்டர்’ என்ற பொது வடிவம் 1998-இலேயே வந்துவிட்டது. ஆனால் சந்தாவில் வருவது நேரலை இல்லை. அவ்வப்போது எடுத்து வைக்கப்படும் நகல்.

உங்கள் பிரச்சினை இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனை: பிரவுசரில் திறந்து பாருங்கள்

எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். லேப்டாப்பில் உள்ள அவுட்லுக் மென்பொருளையும் போன் ஆப்பையும் ஓரமாக வையுங்கள். பிரவுசரில் அவுட்லுக் இணையப் பக்கத்தையோ கூகுள் காலண்டர் பக்கத்தையோ அலுவலகக் கணக்கில் நுழைந்து திறங்கள்.

பிரவுசரில் சரியாகத் தெரிகிறதா? அப்படியானால் சர்வரில் எல்லாம் நலம். உங்கள் சாதனம்தான் பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பிரவுசரிலும் தெரியவில்லையா? போனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அனுமதியிலோ, காலண்டரின் உரிமையாளர் பக்கமோ சிக்கல்.

சில நாட்களில் பிரவுசரே திறக்காது. கூகுள் காலண்டர் 2019 ஜூன் 18 அன்று உலகம் முழுக்கச் சில மணி நேரம் முடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் மெயிலும் டீம்ஸ் காலண்டரும் 2024 நவம்பர் 25 அன்று பலருக்குத் தகராறு செய்தன. அந்த மாதிரி நேரத்தில் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பிறகு எது பழைய கோளாறு, எது நீங்களே செய்த கோளாறு என்று தெரியாமல் போய்விடும்.

‘பிஸி’ன்னு மட்டும்தான் காட்டுது

சக ஊழியரின் காலண்டரைத் திறந்தால், என்ன மீட்டிங், எங்கே என்று எதுவும் தெரியாது. கட்டம் கட்டமாக ‘பிஸி’ என்று மட்டும் இருக்கும். இது கோளாறே இல்லை. உங்களுக்குத் தரப்பட்ட அனுமதி அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட்டில் அனுமதி படிப்படியாக இருக்கிறது. பிஸியா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம், தலைப்பும் இடமும் பார்க்கலாம், முழு விவரமும் பார்க்கலாம், திருத்தலாம், கடைசியாக ‘டெலிகேட்’, அதாவது அவர் சார்பில் இன்வைட்டுக்குப் பதில் சொல்லும் உரிமை. ஒரே நிறுவனத்துக்குள் பொதுவாகத் தானாகக் கிடைப்பது முதல் படி மட்டுமே. கூகுளிலும் இதேபோல நான்கு படிகள்: பிஸி மட்டும், முழு விவரம், திருத்தும் உரிமை, திருத்துவதோடு மற்றவர்களுக்குப் பகிரும் உரிமை.

இதை உயர்த்துவது காலண்டரின் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. அவுட்லுக் இணையப் பக்கத்தில் காலண்டர் பெயருக்கு அருகில் ‘ஷேரிங் அண்ட் பெர்மிஷன்ஸ்’, கூகுளில் ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ என்ற இடத்தில் மாற்றலாம். வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவருக்குப் பகிரும்போது, உங்கள் அட்மின் ‘பிஸி மட்டும்’ என்று கதவை அடைத்து வைத்திருக்கலாம். அப்போது உரிமையாளர் நினைத்தாலும் திறக்க முடியாது.

ஒரே ஒரு மீட்டிங் மட்டும் மறைந்திருக்கிறதா? அதை ‘பிரைவேட்’ என்று குறித்திருப்பார்கள்.

லேப்டாப்ல இருக்கு, போன்ல இல்லை

அவுட்லுக்கில் அடிக்கடி வரும் புகார் இது. லேப்டாப்பில் ‘ஓபன் ஷேர்டு காலண்டர்’ மூலம் பழைய முறையில் திறந்த காலண்டர் அந்த லேப்டாப்போடு நின்றுவிடலாம். உரிமையாளரிடம் மறுபடி பகிரச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதை அவுட்லுக் இணையப் பக்கத்திலோ, போனில் உள்ள அவுட்லுக் ஆப்பிலோ திறந்து ‘அக்செப்ட்’ கொடுங்கள். இப்படி ஏற்றுக்கொண்ட காலண்டர் உங்கள் மெயில்பெட்டியோடு சேர்ந்துவிடும். அதனால் போனிலும் வரும்.

கூகுளில் முதலில் பார்க்க வேண்டியது, ஆப்பின் பக்கவாட்டுப் பட்டியலில் அந்தக் காலண்டர் டிக் ஆகியிருக்கிறதா என்பதை. சொந்த ஜிமெயில், ஆபீஸ் ஜிமெயில் என்று இரண்டு கணக்கு இருந்தால், பகிர்ந்தது எந்தக் கணக்குக்கு என்றும் பாருங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். குழு மெயில் முகவரிக்குப் பகிர்ந்திருந்தால், வந்த மெயிலில் உள்ள லிங்க்கை ஒவ்வொருவரும் அழுத்தினால்தான் பட்டியலில் சேரும்.

ஐபோனில் ஆப்பிளின் சொந்தக் காலண்டர் ஆப்பைப் பயன்படுத்துகிறீர்களா? பகிர்ந்த கூகுள் காலண்டர்கள் அதில் தானாக வராமல் போகலாம். எதையெல்லாம் ஒத்திசைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க கூகுளில் தனிப் பக்கம் இருக்கிறது. இல்லாவிட்டால் கூகுள் காலண்டர் ஆப்பையே போட்டுக்கொள்வது சுலபம்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு, டேட்டா சேமிப்பு ஆகியவை ஒத்திசைவை நிறுத்தி வைத்திருக்கின்றனவா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மாத்தியாச்சு, ஆனா மாறவே இல்லை

மீட்டிங்கை 11 மணிக்குத் தள்ளினோம். பாதிப் பேர் 10 மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன்?

கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளியது கூட்டியவரா, அழைக்கப்பட்டவரா? அழைக்கப்பட்டவர் தன் காலண்டரில் இழுத்து நகர்த்தினால், சில ஆப்களில் அவர் நகல் மட்டும் நகரும். அவருக்கு மாறிவிட்டதுபோல் இருக்கும். மற்றவர்களுக்குப் பழைய நேரமேதான். சரியான வழி ‘வேறு நேரம்’ என்று கூட்டியவருக்கு முன்மொழிவது. கூட்டியவரே தள்ளியிருந்தாலும், ‘அப்டேட் அனுப்பவா?’ என்று கேட்கும்போது ‘வேண்டாம்’ கொடுத்தால் மாற்றம் பலர் கண்ணில் படாமலே போய்விடும்.

லிங்க் மூலம் சந்தா செய்த காலண்டர் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். கூகுளில் மாற்றம் வந்துசேர 12 மணி நேரம் வரை ஆகலாம். அவுட்லுக் இணையத்தில் ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க முயலும். சில நேரம் 24 மணி நேரத்தையும் தாண்டும். எவ்வளவு ரிஃப்ரெஷ் அழுத்தினாலும் இது வேகமெடுக்காது. ஆகவே நாளுக்கு நாள் மாறும் டூட்டி பட்டியலைச் சந்தா லிங்க்காகக் கொடுக்காதீர்கள். நேரடியாகப் பகிருங்கள்.

ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டுதே!

ஒரு காலத்தில் நம் ஊருக்கே தனி நேரம் இருந்தது. 1802-இல் மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் கணக்கிடப்பட்ட ‘மெட்ராஸ் நேரம்’, இன்றைய இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது. அதனால் நமக்குள் இப்போது நேரக் குழப்பம் இல்லை. வெளிநாட்டோடு வேலை செய்யும்போதுதான் வருகிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நாம் தள்ளுவதில்லை. நியூயார்க்கில் இருப்பவர் அவர் ஊர் நேரப்படி தினமும் காலை 9 மணிக்கு மீட்டிங் போட்டால், குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 7.30. கோடையில் மாலை 6.30. சாஃப்ட்வேர் தவறு செய்யவில்லை. கூட்டியவரின் ஊர் நேரத்தோடு மீட்டிங்கைக் கட்டிவைத்திருக்கிறது. அதே மீட்டிங்கை நீங்கள் இந்திய நேரத்தில் போட்டிருந்தால், உங்களுக்கு மாறாது, அவர்களுக்கு மாறும்.

இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இரு நாடுகளும் ஒரே நாளில் மாறுவதில்லை. 2026-இல் அமெரிக்கா மார்ச் 8 அன்றும், பிரிட்டன் மார்ச் 29 அன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளும். திரும்பி வருவது பிரிட்டனில் அக்டோபர் 25, அமெரிக்காவில் நவம்பர் 1. இடைப்பட்ட நாட்களில் லண்டன், நியூயார்க், மதுரை மூன்றும் சேரும் மீட்டிங் யாருக்காவது இடிக்கும். மார்ச், அக்டோபர் இரண்டு மாதங்களிலும் தொடர் மீட்டிங்குகளை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு சட்டத்தை மாற்றினாலும் காலண்டர் குழம்பும். அமெரிக்கா 2007 முதல் கோடை நேரத்தை மூன்று வாரம் முன்கூட்டியே தொடங்கியது. பழைய விதியோடு இருந்த கணினிகளில் மீட்டிங்குகள் ஒரு மணி நேரம் தவறாகத் தெரியாமல் இருக்க, மைக்ரோசாஃப்ட் தனியாகத் திருத்தக் கருவிகளை வெளியிட வேண்டியிருந்தது. இலங்கையும் 1996-இல் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மறுபடி நம்மோடு ஒத்த ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. விண்டோஸ் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ ஒரு வரியாகவும் ‘ஸ்ரீ ஜெயவர்த்தனபுர’ தனி வரியாகவும் இருப்பதை இன்றும் பார்க்கலாம். இரண்டும் இன்று ஒரே நேரம்தான். ஆனாலும் நீங்கள் சென்னை வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ், காலண்டர் ஆப், போன் மூன்றிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விடுமுறையையும் மறக்க வேண்டாம். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். சாஃப்ட்வேரோடு வரும் ‘இந்திய விடுமுறைகள்’ பட்டியலில் இதை எதிர்பார்க்க முடியாது. பெங்களூரு மேனேஜர் அன்று காலையில் மீட்டிங் போட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள்தான் குழு காலண்டரில் முன்கூட்டியே போட வேண்டும். அவுட்லுக்கில் ‘ஆல் டே’ என்று போட்டால், அமெரிக்காவில் இருப்பவருக்கு அது இரண்டு தேதிகளில் பரவித் தெரியலாம். தலைப்பிலேயே தேதியையும் எழுதிவிடுங்கள்.

மீட்டிங்கே காணோம்!

பகிர்ந்த காலண்டரில் திருத்தும் உரிமை உள்ளவர் யாராவது அழித்திருக்கலாம். ‘என் பக்கம் மட்டும் எடுத்துடலாம்’ என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. சுவர் காலண்டரில் கிழித்தால் எல்லோருக்கும்தான் கிழிந்தது. கூகுளில் அழித்தவை குப்பைத்தொட்டியில் சுமார் 30 நாட்கள் இருக்கும், அங்கிருந்து மீட்கலாம். அவுட்லுக்கில் ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ பகுதியைத் தேடுங்கள். உரிமையாளருடையது, அழித்தவருடையது இரண்டையும் பார்க்க வேண்டும்.

சில நேரம் ஆப்பே வில்லனாகிவிடும். 2012-இல் ஐஓஎஸ் 6 வந்தபோது, ஒருவர் ஐபோனில் இன்வைட்டை மறுத்தால் மற்ற எல்லோருக்கும் மீட்டிங் ரத்து என்று மெயில் போன கூத்து நடந்தது. 2013 பிப்ரவரியில் வந்த 6.1.2 பதிப்பு, எக்ஸ்சேஞ்ச் காலண்டர் தொடர்பான வேறொரு கோளாறைச் சரிசெய்தது. இதிலிருந்து இன்றைக்கும் பொருந்தும் பாடம் இரண்டு. ஆப்பை அப்டேட்டாக வைத்திருங்கள். ஒரே காலண்டரை மூன்று நான்கு ஆப்களில் திறந்து, ஆளாளுக்கு அக்செப்ட் கொடுக்காதீர்கள். மேனேஜர் சார்பில் பதில் சொல்லும் டெலிகேட் ஒருவரே இருப்பது நல்லது.

அவர் வேலையை விட்டுப் போயிட்டாரே!

ஆள் போனாலும் அவர் போட்ட வாராந்திர மீட்டிங் போகாது. அறை புக் ஆகியே இருக்கும், மணி அடிக்கும், யாராலும் மாற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட்டில் ஒரு மீட்டிங்கின் கூட்டியவரை நேரடியாக மாற்ற வழி இல்லாததால், பழையதை அட்மின் மூலம் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நடைமுறை. கூகுளில் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம். ஆனால், கணக்கை நீக்குவதற்கு முன்பே செய்வது நல்லது. நீக்கிய கணக்கை மைக்ரோசாஃப்ட்டில் 30 நாட்களுக்குள், கூகுளில் 20 நாட்களுக்குள் அட்மினால் மீட்க முடியும். அதற்குப் பிறகு கஷ்டம்தான்.

சிறிய கிளினிக்கிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் இதுதான் பெரிய அடி. ரிசப்ஷனில் இருந்தவரின் சொந்த ஜிமெயிலில் எல்லா அப்பாயின்ட்மென்ட்டும் ஏறியிருக்கும். அவர் வேலையை விட்டால் காலண்டரும் அவரோடு போய்விடும். எனவே அலுவலகத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு, அதில் ஒரு காலண்டர் என்று தொடங்குங்கள். ஊழியர்களுக்குத் திருத்தும் உரிமை மட்டும் கொடுங்கள். தொடர் மீட்டிங்குகளுக்கு முடிவுத் தேதி வையுங்கள்.

மீட்டிங் அறை ஏன் மறுக்கிறது?

எக்ஸ்சேஞ்சில் அறைக்கும் ஒரு மெயில்பெட்டி உண்டு. அதுவே இன்வைட்டைப் படித்துப் பதில் சொல்லும். பொதுவாக 180 நாட்களுக்கு அப்பால் உள்ள புக்கிங்கை ஏற்காது. வருடம் முழுக்க ஒரே தொடராகப் போட்டால் மறுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அறையின் காலண்டரில் மீட்டிங் தலைப்புக்குப் பதிலாகக் கூட்டியவரின் பெயர் தெரிவதும் இயல்பான அமைப்புதான். வேண்டாம் என்றால் அட்மின் மாற்றித் தருவார்.

எல்லாருக்கும் தெரிஞ்சா அதுவும் பிரச்சினைதான்

‘தெரியலை, தெரியலை’ என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் சிலர் காலண்டரையே ‘பப்ளிக்’ ஆக்கிவிடுகிறார்கள். வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதில் நோயாளியின் பெயர், என்ன சிகிச்சை, வாடிக்கையாளரின் பான் எண் என்று எழுதியிருந்தால்? அந்த லிங்க் கிடைத்த யாரும் படிக்கலாம். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய விவரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. தலைப்பில் டோக்கன் எண்ணோ ஃபைல் எண்ணோ போதும். பெயரும் விவரமும் வேறு இடத்தில் இருக்கட்டும். பப்ளிக் என்ற டிக் உங்கள் அலுவலகக் காலண்டரில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஐடி ஹெல்ப்டெஸ்க்கிடம் என்ன சொல்வது?

‘காலண்டர் வொர்க் ஆகலை’ என்று மட்டும் டிக்கெட் போட்டால், அவர்கள் திருப்பிக் கேட்டு, நீங்கள் பதில் போட்டு, இரண்டு நாள் ஓடிவிடும். இதை மட்டும் எழுதுங்கள்:

1. யாருடைய காலண்டர், அது எந்தக் கணக்குக்குப் பகிரப்பட்டது.
2. பிரவுசரில் தெரிகிறதா இல்லையா.
3. எந்தச் சாதனம், எந்த ஆப், என்ன பதிப்பு.
4. எந்த மீட்டிங், என்ன தேதி, காட்ட வேண்டிய நேரம் என்ன, காட்டும் நேரம் என்ன.
5. உங்களுக்கு மட்டுமா, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் அப்படியா.

கடைசிக் கேள்விதான் ஹெல்ப்டெஸ்க்குக்கு ரொம்ப உதவும். ஒருவருக்கு மட்டும் என்றால் சாதனத்தையோ அவருடைய அனுமதியையோ பார்ப்பார்கள். எல்லோருக்கும் என்றால் உரிமையாளர் பக்கமும் சர்வர் பக்கமும் போவார்கள். சர்வரில் சரியாக இருந்து உங்களிடம் மட்டும் தவறாகத் தெரிந்தால், அந்தப் பகிர்ந்த காலண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள். உரிமையாளரின் காலண்டருக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வராது. ஆனால் ‘ரிமூவ்’ என்பதற்குப் பதிலாக ‘டெலீட்’ என்று கேட்டால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது உங்கள் காலண்டர்தானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.